"இந்த மார்க்குக்கு வேற எதுவும் கிடைக்காது": பிசிசியன் அசிஸ்டென்ட் சீட் வாங்கப் போறவங்களுக்கு ஒரு திரெட்

பிளஸ் டூ ரிசல்ட் சீசன். ஒவ்வொரு வருஷமும் இந்த நாள்கள்ல என் கிளினிக்குக்குக் காய்ச்சலோட வர்றவங்களைவிட மார்க் ஷீட்டோட வர்றவங்கதான் ஜாஸ்தி. எல்லாருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதனால இந்த திரெட். நீளம்தான், பொறுமையா படிங்க. பயாலஜி குரூப் எடுத்து, மார்க் குறைஞ்சு, "பிசிசியன் அசிஸ்டென்ட்ல சேர்த்துடலாமா"ன்னு ராத்திரி பேசிட்டு இருக்கிற வீடுகளுக்காக எழுதுறேன்.

நான் உட்கார்ற இடம் விம்கோ நகர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனிங்கிற தீப்பெட்டி கம்பெனியோட சுருக்கப் பேருதான் எங்க ஏரியா பேரு. வர்றவங்க யாருன்னா ஹார்பருக்கு கன்டெய்னர் ஓட்டுறவங்க, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்ட் லேபர், எர்ணாவூர், கத்திவாக்கம் மீனவர்கள், அவங்க வீட்டுப் பிள்ளைங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம், ராத்திரி எட்டரை மணி. எனக்குப் பத்து வருஷமா தெரிஞ்ச டிரைலர் டிரைவர் ஒருத்தர். சுகருக்கு மாத்திரை வாங்க வர்றவர். அன்னிக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாரு. கையில வழவழன்னு ஒரு நோட்டீஸ் புத்தகம்.

"சார், பாப்பாவுக்கு பிசிசியன் அசிஸ்டென்ட் சீட் போட்டுட்டேன் சார். டாக்டருக்கு அடுத்த ஸ்தானமாமே?"

பொண்ணைப் பாத்து "என்னம்மா மார்க்கு?"ன்னேன். தரையைப் பாத்துக்கிட்டே "318 சார்"னா. 600-க்கு 318. 53 சதவீதம்.

பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டாராம். யார்கிட்ட? ஸ்கூல் வாசல்ல நின்ன ஒரு 'கன்சல்டன்ட்'கிட்ட. ரசீது? ஒரு துண்டுச் சீட்டு, அதுல காலேஜ் பேரே இல்ல. காலேஜ் எங்க? செங்கல்பட்டு தாண்டி எங்கயோ. ஆஸ்பத்திரி இருக்கா? "டை-அப் இருக்குன்னாங்க சார்." எந்த ஆஸ்பத்திரியோட? தெரியல.

"ஏண்ணே, இதெல்லாம் கேக்கலையா?"ன்னேன்.

"இல்ல சார். இந்த மார்க்குக்கு வேற எதுவும் கிடைக்காது, இன்னிக்கே புக் பண்ணலைனா இதுவும் போயிடும்னு சொன்னாரு. நமக்கு எங்க சார் கேக்கத் தோணுது."

இந்த திரெட்டே அந்த ஒரு வரிக்காகத்தான். *இந்த மார்க்குக்கு வேற எதுவும் கிடைக்காது.*

இதே டிரைவர் செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கப் போனா ஆணி அடிச்ச இடம், தேய்ஞ்ச இடம் எல்லாம் தடவிப் பாத்துட்டுதான் துட்டை எடுப்பாரு. ஏமாத்த முடியாது. அவரே மகளோட நாலு வருஷத்தை ஒரு துண்டுச் சீட்டுக்குக் கொடுத்துட்டு வர்றாருன்னா அது அறியாமை இல்லைங்க, கூச்சம். மார்க் குறைஞ்ச பிள்ளையோட அப்பாவுக்கு எதிர்க்கேள்வி கேக்க வாய் வர்றதில்ல. கிடைச்சதே பெருசுன்னு தலையை ஆட்டிட்டு வந்துடுறாரு. புரோக்கர் விக்கிறது சீட் இல்ல. உங்க வீட்டுக் கூச்சத்தைத்தான் உங்களுக்கே திருப்பி விக்கிறான்.

சரி, இந்தப் படிப்பு என்னன்னு முதல்ல பாத்துடலாம். பி.ஏ.ன்னு சுருக்கமா சொல்லுவாங்க. தமிழ் இலக்கிய பி.ஏ. இல்ல, மினிஸ்டருக்கு இருக்கிற பி.ஏ.வும் இல்ல. (இந்தக் கேள்வியை நிஜமாவே ஒரு பாட்டி கேட்டாங்க.)

1965-ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல யூஜின் ஸ்டெட்ங்கிற டாக்டர் ஆரம்பிச்சது. முதல் பேட்ச்ல நாலே பேர். நாலு பேருமே கப்பற்படையில காயத்துக்குக் கட்டுப்போட்டு, ஊசி போட்டு அனுபவப்பட்ட ஆளுங்க. 1967-ல மூணு பேர் படிச்சு முடிச்சாங்க. அதாவது இந்த வேலை பிறந்ததே ரேங்க் எடுத்தவங்களை வச்சு இல்ல, கைப்பழக்கம் உள்ளவங்களை வச்சு.

இந்தியாவுல இது வந்த இடம் நம்ம சென்னைதான். 1992-ல மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல டாக்டர் கே.எம்.செரியன் கொண்டு வந்தாரு. அவரு யாருன்னு தெரியாதவங்களுக்கு: 1975-ல பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில இந்தியாவோட முதல் பைபாஸ் ஆபரேஷன் பண்ணினவர். ஆமா, வடசென்னை பெரம்பூர்தான். பைபாஸ்ல இதயத்துல தைக்கிறதுக்குக் கால்ல இருந்து ஒரு நரம்பை எடுப்பாங்க, அதாவது ரத்தக் குழாயை. அதைக் கிழிக்காம, முறுக்காம எடுத்துக் கொடுக்கிறது தனி வித்தை. நல்லா பழகின பிசிசியன் அசிஸ்டென்ட்டுங்க அதைப் பண்றதை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். எனக்கு அந்த அளவு கை வராது. வெக்கமில்லாம சொல்றேன்.

அதனால இது 'ஒண்ணும் கிடைக்காதவங்களுக்கு' ஆன படிப்பு இல்ல. அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பேத்தாலஜி, பார்மகாலஜின்னு எங்க எம்.பி.பி.எஸ். பாடங்களோட சுருக்கப் பதிப்பு. மூணு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். கேஸ் ஷீட் எழுதணும், ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட நோயாளியோட நிலைமையை ரெண்டு நிமிஷத்துல சொல்லணும், ரிசல்ட் தப்பா வந்தா கண்ணுல படணும்.

இங்க ஒரு கணக்கு. புரோக்கர் சொல்லவே மாட்டான். பிளஸ் டூல பாஸ் மார்க் 100-க்கு 35. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துல பாஸ் 50. தியரியில 50, பிராக்டிகல்ல 50. பரீட்சை இங்கிலீஷ்ல. தமிழ் மீடியத்துல 53 சதவீதம் எடுத்த பிள்ளைக்கு முதல் வருஷ அனாடமி எப்படி இருக்கும்னு யோசிங்க. சீட் கிடைக்குமாங்கிறது சின்னக் கேள்வி. காசு கொடுத்தா கிடைக்கும். உக்கார வச்சு சொல்லிக் கொடுக்க அங்க ஆள் இருக்கா, ஃபெயிலானா மறுபடி கையைப் பிடிச்சு ஏத்துவாங்களா, இல்ல "கண்டோனேஷன் கட்டு, அரியர் ஃபீஸ் கட்டு"ன்னு கறப்பாங்களா? மார்க் குறைஞ்ச பிள்ளைக்குக் கேக்க வேண்டிய கேள்வி இதுதான்.

இப்ப என் சக டாக்டர்கள் சில பேர் கமென்ட்ல வருவாங்க. "53 சதவீதத்தை எல்லாம் ஆஸ்பத்திரிக்குள்ள விட்டா நோயாளி கதி?"ன்னு. வாங்க சார். நான் ரெண்டாம் வருஷம் பார்மகாலஜில ஃபெயிலாகி அடிஷனல் பேட்ச்ல ஆறு மாசம் தனியா நின்னவன். என் பேட்ச்ல கோல்டு மெடல் வாங்கின ஒருத்தர் நோயாளியோட முகத்தைப் பாத்துப் பேசினதை நான் பாத்ததில்ல. மார்க் முக்கியமில்லைன்னு சொல்லலை. பதினேழு வயசு மார்ச் மாசத்துல எடுத்த மார்க்கு, அந்தப் பிள்ளை எந்த வீட்டுல, எத்தனை பேருக்கு நடுவுல, எந்த வெளிச்சத்துல படிச்சதுங்கிறதோட மார்க்கும்தான். அதுக்கப்புறம் நாலு வருஷம் சரியான இடத்துல நின்னா ஆள் மாறும். தப்பான இடத்துல நின்னா 580 எடுத்த பிள்ளையும் வீணாப் போகும்.

அந்த நோட்டீஸ் புத்தகத்துக்கு வருவோம். மூணு பொய் இருந்துச்சு.

முதல் பொய்: "மினி டாக்டர்." கிடையவே கிடையாது. பிசிசியன் அசிஸ்டென்ட் டாக்டரோட மேற்பார்வையில வேலை செய்யுறவர். தனியா போர்டு மாட்டி மருந்து எழுதினா அது போலி மருத்துவம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34: பதிவு இல்லாம மருத்துவம் பார்த்தா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். நோட்டீஸ்ல ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்துல மாட்டி சிரிக்கிற பொண்ணு படத்துக்குக் கீழே இந்தப் பிரிவை யாரும் அச்சடிக்கிறதில்ல.

இதுல எங்க தப்பும் இருக்கு, மறைக்க விரும்பல. சின்ன ஆஸ்பத்திரிங்கள்ல ராத்திரி டியூட்டிக்கு எம்.பி.பி.எஸ். டாக்டர் வச்சா சம்பளம் ஜாஸ்தி. அதனால படிச்சு முடிச்ச பி.ஏ. பையனுக்கு வெள்ளைக் கோட் போட்டு 'டியூட்டி டாக்டர்'னு உக்கார வைக்கிறாங்க. நான் படிப்பு முடிச்ச புதுசுல ஒரு ஆஸ்பத்திரியில அப்படி ஒரு தம்பி இருந்தான். நல்ல பையன். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுவலின்னு வந்தவருக்கு ஈ.சி.ஜி. எடுத்து, சரியாவே சந்தேகப்பட்டு, பெரிய டாக்டருக்குப் போன் மேல போன் போட்டிருக்கான். எடுக்கல. அனுப்பவா, வைக்கவான்னு முடிவு பண்ண அவனுக்கு அதிகாரமும் இல்ல, தைரியமும் இல்ல. நோயாளி பிழைச்சாரு, அது எங்க அதிர்ஷ்டம். மறுநாள் காலையில திட்டு வாங்கினது யாருன்னு நினைக்கிறீங்க? போன் எடுக்காதவரா? அந்தத் தம்பிதான். அன்னிக்கு நான் வாயைத் திறக்கல. இப்ப எழுதுறேன்.

இது இங்க மட்டும் உள்ள பிரச்சினை இல்ல. இங்கிலாந்துல பெரிய சண்டையே நடந்துச்சு. தன்னைப் பாத்தவர் டாக்டர்னே நினைச்சிட்டு இருந்த நோயாளிங்க, தவறிப்போன நோயறிதல், மரணம், விசாரணை. 2024 டிசம்பர்லதான் அங்க மருத்துவக் கவுன்சில் இவங்களை ஒழுங்குமுறைக்குள்ள கொண்டு வந்துச்சு. 2025 ஜூலையில வந்த லெங் அறிக்கை, 'அசோசியேட்'ங்கிற பேரை மாத்தி 'அசிஸ்டென்ட்'னே வையுங்க, மக்கள் குழம்புறாங்கன்னு சொல்லுச்சு. நம்ம ஊர்ல 'மினி டாக்டர்'னு போஸ்டர் அடிக்கிறாங்க.

ரெண்டாவது பொய்: "அமெரிக்காவில் லட்சங்களில் சம்பளம்." அமெரிக்காவுல பி.ஏ.வுக்கு நல்ல சம்பளம் உண்டு, உண்மை. ஆனா அங்க லைசென்ஸுக்கு எழுத வேண்டிய தேர்வுக்குப் பேரு பான்ஸ். அதை எழுதணும்னா ஏ.ஆர்.சி.-பி.ஏ. அங்கீகாரம் வாங்கின அமெரிக்கக் கல்லூரியில படிச்சிருக்கணும். நம்ம ஊர் பி.எஸ்சி.யோட அந்தத் தேர்வு ஹாலுக்குள்ள போக முடியாது. அங்க அது டிகிரிக்கு அப்புறம் படிக்கிற முதுகலைப் படிப்பு. போகணும்னா மறுபடி முதல்ல இருந்து, டாலர்ல ஃபீஸ் கட்டி.

ஆனா அங்க இருந்து ஒரு விஷயம் கத்துக்கலாம். அங்கயும் மார்க் குறைஞ்ச பசங்க இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாங்க. அவங்க என்ன பண்றாங்க தெரியுமா? ஆம்புலன்ஸ்லயோ முதியோர் இல்லத்துலயோ வேலைக்குச் சேர்ந்து, நோயாளியைத் தொட்டுப் பராமரிச்ச மணிநேரத்தை ஆயிரக்கணக்குல சேர்த்துக் காட்டுறாங்க. அந்த மணிநேரத்துக்கு மதிப்பு கொடுக்கிற கல்லூரி எதுன்னு தேடித்தேடி அங்க மட்டும் விண்ணப்பம் போடுறாங்க. கிடைச்ச இடத்துல எல்லாம் போடுறதில்ல. மார்க் குறைஞ்சவன்தான் ஜாஸ்தி சலிச்சுப் பாத்துத் தேர்ந்தெடுக்கணும். நம்ம ஊர்ல தலைகீழ். 590 எடுத்த வீட்டுல பத்து காலேஜ் பார்ப்பாங்க, 318 எடுத்த வீட்டுல ஒண்ணுகூட பாக்காம பணம் கட்டுவாங்க.

மூணாவது பொய்: "100% அரசு வேலை வாய்ப்பு." தமிழ்நாட்டுல மருத்துவத்துறைக்கு ஆள் எடுக்கிறது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி. அதோட பழைய அறிவிப்புகளைப் போய்ப் பாருங்க. செவிலியர், ஃபார்மசிஸ்ட், லேப் டெக்னீசியன், ரேடியோகிராபர் எல்லாம் வந்திருக்கு. பிசிசியன் அசிஸ்டென்ட்டுக்குன்னு தனியா ஒரு அறிவிப்பு வந்து நான் பாத்ததில்ல. அரசு மருத்துவக் கல்லூரியிலயே இந்தப் படிப்பை வச்சுட்டு, படிச்சு வர்றவங்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில நாற்காலி போடாம இருக்கிறது என்ன நியாயம்? இதை நாங்க டாக்டர்கள் கேக்கணும். கேக்கிறதில்ல. அதனால இப்போதைக்கு பி.ஏ.ன்னா தனியார் ஆஸ்பத்திரி வேலைதான்னு கணக்குப் போட்டுக்கோங்க. அரசு வேலைதான் குறின்னா லேப், ரேடியாலஜி, நர்சிங் பக்கம் பாருங்க. ஒரு புரோக்கர்கூட இதைச் சொல்ல மாட்டான், ஏன்னா அவனுக்கு அதுல கமிஷன் கம்மி.

கணக்குன்னதும் அன்னிக்கு டிரைவர் அண்ணன் முன்னாடி பிரிஸ்கிரிப்ஷன் தாள்ல போட்ட கணக்கு. வருஷ ஃபீஸ் 1,40,000. நாலு வருஷம், இன்டர்ன்ஷிப் வருஷத்துக்கும் சேர்த்து, 5,60,000. ஹாஸ்டல் 80,000 வீதம் 3,20,000. மொத்தம் 8,80,000. எனக்குத் தெரிஞ்ச பிள்ளைங்க சில பேர் மாசம் 15,000-ல ஆரம்பிச்சவங்க. ரூம் வாடகை, சாப்பாடு போக 7,000 மிச்சம் பிடிச்சாலும், வட்டியே இல்லாம, போட்ட காசு திரும்ப பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அவரு தாளை மடிச்சு பாக்கெட்ல வச்சாரு. ஒண்ணும் பேசல. பொண்ணு அழ ஆரம்பிச்சிட்டா. எனக்கே சங்கடமாப் போச்சு, கணக்கைக் கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்.

சரி டாக்டர், பயமுறுத்தினது போதும், என்னதான் பண்றதுங்கிறீங்களா?

முதல் வேலை, அரசு கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடுங்க. பி.ஏ. மாதிரி பாராமெடிக்கல் டிகிரி படிப்புகளுக்கு நீட் கிடையாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்கை வச்சு ரேங்க். நடத்துறது கீழ்ப்பாக்கத்துல இருக்கிற தேர்வுக் குழு. உண்மையைச் சொல்லிடுறேன், 53 சதவீதத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியில பி.ஏ. சீட் கஷ்டம். ஆனா அதே ஒரு விண்ணப்பத்துல தனியார் கல்லூரிகளோட அரசு ஒதுக்கீட்டு இடங்களும் வருது, ஃபீஸ் நிர்ணயம் பண்ணினது. இட ஒதுக்கீடு உண்டு. முதல் சுற்றுல வரலைனு விட்டுடாதீங்க, கடைசி சுற்று வரைக்கும் இருங்க. புரோக்கர் "இன்னிக்கே, இன்னிக்கே"ன்னு அவசரப்படுத்துறதுக்குக் காரணமே, கலந்தாய்வு ஆரம்பிக்கிறதுக்குள்ள உங்களைப் பிடிச்சுப் போட்டுடணும்ங்கிறதுதான்.

ஒரே பேரைப் பிடிச்சுத் தொங்காதீங்க. அந்த விண்ணப்பத்துலயே விபத்து மற்றும் அவசர சிகிச்சை, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்கவியல், ரெஸ்பிரேட்டரி தெரபி, கார்டியாக் டெக்னாலஜின்னு வரிசையா இருக்கு. எங்க ஏரியாவுக்கு எது வேணும்னு நினைச்சுப் பாருங்க. 2023 டிசம்பர் 26 நடுராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சப்ப, மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடி வந்த சனத்துக்கு முதல்ல தேவைப்பட்டது ஆக்சிஜன் மாட்டத் தெரிஞ்ச கை. பிரஸ்ல விரல் போயி ஸ்டான்லி கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஓடாத தெரு இங்க இருக்கா? துண்டான விரலை ஐஸ்ல நேரா போடாம, சுத்தமான ஈரத்துணியில சுத்தி, கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல வச்சு எடுத்துட்டுப் போகணும்னு தெரிஞ்ச ஒரு ஆள் தெருவுக்கு இருந்தா எத்தனை விரல் மிஞ்சும்! அந்த ஆள் உங்க பிள்ளையா இருக்கலாம். 'டாக்டருக்கு அடுத்து'ங்கிற அந்தஸ்துக்காக மட்டும் பி.ஏ. வேணாம்.

டிகிரியே எட்டலைன்னா டிப்ளமோ இருக்கு. அரசு நிறுவனங்கள்லயே உண்டு, அதுக்கும் தேர்வுக் குழு வழிதான். ஒரு எச்சரிக்கை மட்டும். 2021-ல நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்குன்னு ஒரு ஆணையச் சட்டம் போட்டுச்சு. அதோட அட்டவணையில பிசிசியன் அசோசியேட்டும் இருக்கு. அந்தச் சட்டப்படி துணை மருத்துவப் பணியாளர்னா குறைஞ்சது 2000 மணி நேரம், ரெண்டு வருஷத்துல இருந்து நாலு வருஷத்துக்குள்ள படிச்ச டிப்ளமோவோ டிகிரியோ வேணும். அப்ப பஸ் ஸ்டாண்டு மாடியில 'ஆறு மாசத்துல பாராமெடிக்கல், வாரம் ரெண்டு கிளாஸ்'னு போர்டு வச்சிருக்கிற இடத்துல வாங்குற காகிதம் நாளைக்கு எதுக்கு ஆகும்? தபால் வழி, ஆன்லைன் டிகிரியும் வேணாம். இந்தச் சட்டத்துக்குள்ள வர்ற படிப்புகளைத் தொலைதூரக் கல்வியில நடத்தக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2025-ல தடை போட்டாச்சு. வீட்டுல உக்காந்து ஆபரேஷன் தியேட்டர் கத்துக்க முடியுமா, சொல்லுங்க.

கடைசியில தனியார்ல காசு கட்டித்தான் சேரணும்னு ஆச்சுன்னா, காலேஜைப் பாக்காதீங்க, ஆஸ்பத்திரியைப் பாருங்க. நான் அடிச்சுச் சொல்றது இந்த ஒண்ணுதான். கண்ணாடிக் கட்டடம், ஏ.சி. கிளாஸ் ரூம், ஸ்விம்மிங் பூல் எதுவும் உங்க பிள்ளைக்கு நரம்பு ஊசி போடக் கத்துத் தராது. ஞாயித்துக்கிழமை 'கேம்பஸ் விசிட்' போகாதீங்க. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு, சொல்லாம போங்க. ஓ.பி.யில கூட்டம் இருக்கா? வார்டுல படுக்கையில ஆள் இருக்கா, இல்ல விரிப்பு மடிப்பு கலையாம இருக்கா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் நிரம்புற வார்டு எங்களுக்குப் பாத்தாலே தெரியும், உங்களுக்கும் தெரியும். கேஷுவாலிட்டி வாசல்ல அரை மணி நேரம் உக்காருங்க. ஒரு ஆம்புலன்ஸ்கூட வரலைன்னா அங்க உங்க பிள்ளை நாலு வருஷம் எதைப் பாக்கும்?

பிரின்சிபால் ரூம்ல காபி கொடுப்பாங்க, குடிச்சுட்டு வந்துடுங்க. விஷயம் கேக்க வேண்டியது வெளிய டீக்கடையில நிக்கிற மூணாம் வருஷப் பசங்ககிட்ட. "தம்பி, முதல் வருஷத்துல எத்தனை பேர் சேர்ந்தீங்க, இப்ப எத்தனை பேர் இருக்கீங்க? இன்டர்ன்ஷிப் எங்க போடுறாங்க? டாக்டர் பக்கத்துல நிக்க விடுவாங்களா, இல்ல ஃபைல் தூக்க விடுவாங்களா?" உண்மை வரும். நம்ம ஊர் பசங்க இதுல பொய் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்க வயிறு எரிஞ்சுட்டு இருக்கும்.

'டை-அப்'ங்கிற வார்த்தையைக் கேட்டா, எழுத்துல கேளுங்க. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை படுக்கை, காலேஜ்ல இருந்து எத்தனை கிலோமீட்டர், பஸ் யாரு கொடுக்கிறது. அப்புறம் அந்த ஆஸ்பத்திரிக்கே போயி "உங்ககிட்ட இந்தக் காலேஜ் பிள்ளைங்க வர்றாங்களா?"ன்னு செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கேளுங்க. அவருக்குத் தெரியாதது எதுவும் இல்ல.

அந்தக் காலேஜுக்கு, *அந்தப் படிப்புக்கு*, இந்த வருஷம் பல்கலைக்கழக இணைப்பு இருக்கான்னு பல்கலைக்கழகத்தோட இணையதளத்துலயே பாருங்க. காலேஜுக்கு இணைப்பு இருக்கும், இந்தப் படிப்புக்கு இருக்காது. அதுதான் வழக்கமான தில்லுமுல்லு. பணம் காலேஜ் பேர்ல, வங்கி வழியா, ரசீதோட. ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி.யை வாங்கி வச்சுக்கிட்டு "சீட்டை விட்டா நாலு வருஷ ஃபீஸும் கட்டு"ன்னு மிரட்டுவாங்க. ஒரிஜினலைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018-லயே அறிவிச்சிருக்கு. சரிபார்க்கக் காட்டுங்க, கையோட திருப்பி வாங்குங்க, செராக்ஸ் கொடுங்க.

விம்கோ நகர், திருவொற்றியூர் பக்கத்து வீடுகளுக்குத் தனியா ஒண்ணு. 2021 பிப்ரவரியில நமக்கு மெட்ரோ வந்துடுச்சு. ஏறி உக்காந்தா சென்ட்ரல், எதிர்ல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. வீட்டுல இருந்து போய்வர்ற தூரத்துல ஒரு சுமாரான பேரு உள்ள காலேஜும் நல்ல ஆஸ்பத்திரியும் கிடைச்சா, செங்கல்பட்டு தாண்டி பேரும் ஹாஸ்டலும் வேணாம். அந்த 3,20,000 அப்படியே மிச்சம். அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண், பையன்னா தமிழ்ப் புதல்வன், மாசம் ஆயிரம் ரூபா. மெட்ரோ செலவுக்குக் கைகொடுக்கும். மறக்காம விண்ணப்பிங்க, காலேஜ் ஆபீஸ்ல சோம்பேறித்தனமா இருந்தா விரட்டுங்க.

தங்கச்சி, தம்பி, இப்ப உங்ககிட்ட. சேர்றதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. பிளஸ் ஒன், பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தோட இங்கிலீஷ் பதிப்பை எடுத்து வச்சுக்கிட்டு, உடலியல் பாடங்களை மட்டும் தினம் ரெண்டு பக்கம் படிங்க. அகராதி தேவையில்ல, தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்துல வச்சுக்கோங்க. முதல் வருஷம் தள்ளாடி விழுறவங்க பாதிப்பேர் பாடம் புரியாம விழுறதில்ல, வார்த்தை புரியாம விழுறாங்க. அப்புறம், ரத்தம் பாத்தா மயக்கம் வருமா, அடுத்தவங்க வாந்தியைத் துடைக்க முடியுமான்னு உங்களை நீங்களே கேட்டுக்கோங்க. "முடியாது"ன்னா வேற படிங்க, ஒரு அவமானமும் இல்ல.

டிரைவர் அண்ணன் பொண்ணு கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. பத்தாயிரம் திரும்ப வரல. புரோக்கர் நம்பர் மாத்திட்டான். அவரு லோடு இல்லாத ரெண்டு திங்கக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாரு. ஒரு இடத்துல வார்டுல நோயாளியே இல்லைன்னு சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னாரு. கலந்தாய்வுல பி.ஏ. கிடைக்கல. கடைசிச் சுற்றுல ஒரு தனியார் கல்லூரியில அரசு ஒதுக்கீட்டுல விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் படிப்பு கிடைச்சுது. வீட்டுல இருந்துதான் போய்வர்றா. முதல் வருஷம் அனாடமில போயிடுச்சு, 43. மறுபடி எழுதி 56-ல பாஸ். போன மாசம் அப்பாவுக்கு மாத்திரை வாங்க அவளே வந்தா. அவர் கால்ல ஒரு புண் இருக்கு, ஆற மாட்டேங்குது, பாதத்துல உணர்ச்சி குறைவா இருக்கிற மாதிரி இருக்கு, நீங்க ஒரு தடவை பாக்கணும் சார்னா. பத்து வருஷமா அவருக்கு மாத்திரை எழுதுற நான் ஒரு தடவைகூட அவரு ஷூவைக் கழட்டச் சொன்னதில்ல.

விம்கோ நகர்லதான் இருக்கேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல. மார்க் ஷீட் எடுத்துட்டு வாங்க, எவ்வளவா இருந்தாலும். நோட்டீஸ் புத்தகத்தை வீட்டுல வச்சுட்டு வாங்க.